வந்தேறி ஆந்தையின் வழக்கு

1813-ஆம் ஆண்டு வரை வால்டன் ஹாலில் கூகைகளுக்கு நிம்மதி இருந்ததில்லை. வட இங்கிலாந்தில், வேக்ஃபீல்டு நகருக்கு அருகே, ஓர் ஏரியின் நடுத்தீவில் நிற்கும் மாளிகை அது. அங்கே வேலைக்காரர்களை மேய்த்துவந்த மூதாட்டிக்குக் கூகையின் அலறல் ஆகாது. தன் இளவயதில் அந்தக் குரல் எந்தெந்த வீட்டுக்கு இழவைக் கொண்டுவந்தது என்ற கணக்கு அவரிடம் இருந்தது. மாளிகையின் வேட்டைக் காவலரும் அவர் கட்சி. கூகையைக் கண்டால் தீர்த்துவிடலாம் என்பது அந்த வளாகத்தின் சட்டமாகவே இருந்தது.

சாக்குருவி என்ற சொல்லோடு வளர்ந்தவர்களுக்கு அந்த மூதாட்டியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பெயரை மாற்றினால் நம் அப்பத்தாவோ ஆச்சியோ அம்மம்மாவோதான். ஆனால் நம்மிடம் வேறொரு மரபும் இருந்தது. நற்றிணையின் 83-ஆம் பாட்டில் தோழி ஊர்வாசல் மரத்துக் கூகையிடம் பேரம் பேசுகிறாள். ஆட்டுக்கறி போட்ட நெய்ச்சோறும் சுட்ட எலியும் வயிறு நிறையத் தருகிறோம், தலைவன் வரும் நேரத்தில் மட்டும் குரல் எழுப்பாதே என்கிறாள். குரல் பயமுறுத்துவதுதான், ஆனால் அதில் சாவுச் செய்தி ஏதும் இல்லை. அதைவிட முக்கியமாக, அந்தப் பறவை என்ன தின்னும் என்பது பாடியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆந்தையின் வரலாற்றில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு: அதன் குரலைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள், அதன் சாப்பாட்டைப் பார்த்துச் சொல்பவர்கள்.

வால்டன் ஹாலின் உரிமையாளர் சார்லஸ் வாட்டர்டன் இரண்டாவது கட்சி. தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து 1813-இல் ஊர் திரும்பியவர், பழைய நுழைவாயிலின் இடிபாட்டின்மேல் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கூகைக்கு ஓர் அறை கட்டினார். அதைத் தொட்டால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று வேட்டைக் காவலரை மிரட்டினார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு ஜோடி குடிவந்தது. ஆந்தைகள் இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் ஓர் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த அறையைச் சுத்தம் செய்த 16 மாதங்களில் மறுபடியும் ஒரு புஷலுக்கு மேல், அதாவது 36 லிட்டர் கொள்ளும் மரக்காலுக்கு மேல், உருண்டைகள் சேர்ந்தன என்றும், ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஏழு எலிகளின் எலும்புக்கூடுகள் இருந்தன என்றும் அவர் எழுதிவைத்தார். தானியக் களஞ்சியத்துக்கு இதைவிட நல்ல காவலாளி யார் என்பதே அவர் கேள்வி.

துன்பப்பட்டு இரக்கம் கற்றுத் திரும்பியதாகத் தன்னைப் பற்றி வாட்டர்டன் சொல்லிக்கொண்டார். கயானாவில் அவர் மேற்பார்த்தது அடிமைகளின் உழைப்பில் ஓடிய குடும்பத் தோட்டங்களை. பறவைகளைப் பாடம்செய்யும் கலையை அங்கே அவர் ஜான் எட்மன்ஸ்டன் என்ற அடிமை மனிதருக்குக் கற்றுக்கொடுத்தார். விடுதலை பெற்று எடின்பரோவில் குடியேறிய எட்மன்ஸ்டன், பிற்பாடு அதே கலையைச் சார்லஸ் டார்வினுக்குக் கற்றுக்கொடுத்தார். வாட்டர்டனின் இரக்கத்தைப் பாராட்டும்போது அது எங்கெங்கே எட்டவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி விசித்திரமான மனிதர். 1820-களில் தன் நிலத்தைச் சுற்றி மூன்று மைல் நீள மதில் எழுப்பி, உள்ளே துப்பாக்கிச் சத்தமே கேட்கக்கூடாது என்றார். உலகின் முதல் பறவைச் சரணாலயம் அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

இந்த மனிதர்தான் 1842-இல் ரோமாபுரியின் பறவைச் சந்தையில் ஒரு டஜன் சிற்றாந்தைகளை வாங்கினார். ஒரு சாண் உயரம், மஞ்சள் கண், எதையோ கண்டு எரிச்சலடைந்தது போன்ற வெள்ளைப் புருவம். இத்தாலியத் தோட்டக்காரர்கள் புழு பூச்சிகளையும் நத்தைகளையும் ஒழிக்க இதை வளர்ப்பதை அவர் பார்த்திருந்தார். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வரும் வழியில், ஆகன் நகரில், பயண அழுக்குப் போகட்டும் என்று வெந்நீரில் குளிப்பாட்டினார். குளிர் தாங்காமல் பல செத்துப்போயின. மிஞ்சிய ஐந்தை 1843 மே மாதம் தன் மதிலுக்குள் விட்டார். அவை வேரூன்றவில்லை.

ஓர் இடத்து உயிரை இன்னோர் இடத்துக்குத் தூக்கிச் செல்வது அந்த நூற்றாண்டின் பழக்கம். நம் காகமே அதற்குச் சாட்சி. காப்பிச் செடிகளைத் தின்ற கம்பளிப்பூச்சிகளை ஒழிக்க 1890-களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கப்பலேற்றப்பட்ட காகங்கள், அங்கே தோட்ட வேலைக்குப் போன தமிழர்களைப் போலவே திரும்பி வரவில்லை. தோட்டம் காப்பியிலிருந்து ரப்பருக்கு மாறியது, காகம் இருந்துவிட்டது. இன்று அங்கே அதைத் தொல்லை என்று சுடுகிறார்கள்.

சிற்றாந்தையும் விட்டுவிடவில்லை. 1870-களில் மீட்-வால்டோ என்பவர் கென்ட் பகுதியில் சிலவற்றை விட்டார். 1880-களின் கடைசியில் நார்தாம்ப்டன்ஷரில் லில்ஃபர்டு பிரபு விட்டவை கூடுகட்டிப் பெருகின. பிரிட்டிஷ் பறவையியலாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர் அவர். நீன் ஆற்றின் கரையில் அவர் மாளிகை இப்போதும் நிற்கிறது. (அதே ஆற்றை நார்தாம்ப்டன்காரர்கள் ‘நென்’ என்பார்கள், பீட்டர்பரோக்காரர்கள் ‘நீன்’ என்பார்கள். நான் பீட்டர்பரோ பக்கம்.) அங்கிருந்து ஐம்பதே வருடங்களில் இங்கிலாந்தின் பெரும்பகுதிக்கும் வேல்ஸுக்கும் பறவை பரவிவிட்டது. பழைய பழத்தோட்டங்கள், வெட்டிவிட்ட வில்லோ மரங்களின் பொந்துகள், மாடு மேய்ந்த புல்வெளிகள் எல்லாம் அதற்குத் தோதாக இருந்தன.

பரவியதும் பழி வந்தது. வேட்டைக்காக வளர்க்கும் ஃபெசன்ட், கவுதாரிக் குஞ்சுகளைக் கொல்கிறது, கோழிக்குஞ்சுகளைத் தூக்குகிறது என்று வேட்டைக் காவலர்கள் சொன்னார்கள். செத்த குஞ்சுகளைக் குவித்துவைத்து, அவற்றுக்கு வரும் பிணவண்டுகளைத் தின்னும் அளவுக்குத் தந்திரசாலி என்றுகூடக் கதை உலவியது. கொன்று வேலியில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். கம்பத்தின் உச்சியில் வைக்கும் இரும்புப் பொறிக்கு 1904-இலேயே தடை வந்துவிட்டது என்றாலும் துப்பாக்கிக்குத் தடையில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிற்றாந்தையிடமிருந்து காப்பாற்ற வேண்டிய ஃபெசன்ட் ஆசியாவிலிருந்து வந்த பறவை. செங்கால் கவுதாரி பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டது. வந்த காலம் பழையது, சொந்தக்காரர் பெரிய மனிதர் என்றால் வந்தேறி என்ற பெயர் உதிர்ந்துவிடும் போலும்.

பழி முற்றிய கட்டத்தில், 1936-இல், அப்போதுதான் தொடங்கியிருந்த பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை ஒரு விசாரணை நடத்தத் தீர்மானித்தது. பொறுப்பு ஆலிஸ் ஹிபர்ட்-வேர் என்ற பெண்மணியிடம் போனது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தன்னார்வலர்கள் கக்கல் உருண்டைகளைப் பொறுக்கி அனுப்பினார்கள். கோழிப்பண்ணைகளுக்கும் ஃபெசன்ட் வளர்ப்பிடங்களுக்கும் பக்கத்தில் இருந்த கூடுகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். குற்றம் நடந்திருந்தால் அங்கேதானே நடந்திருக்கும்? இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகளை அவர் பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தவை வண்டுகளின் இறக்கை ஓடுகள், வாலில் இடுக்கி கொண்ட இயர்விக் பூச்சிகள், எலிகளின் பற்கள். மண்புழு தின்றிருந்தால் எலும்பு மிஞ்சாது. அதன் நுண்ணிய மயிர்முட்களை உருப்பெருக்கியின் கீழ் தேடவேண்டும். அதையும் தேடினார். வேட்டைப் பறவைக் குஞ்சின் தடயம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. பிணவண்டுப் பண்ணைக் கதைக்கு ஆதாரம் இல்லை.

மென்பொருள் தொழிலில் இருபது வருடம் இருந்துவிட்டதால் இந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் முதல் அரைமணி நேரம் யாரும் லாக் ஃபைலைத் திறப்பதில்லை. கடைசியாகச் சேர்ந்தவர் என்ன மாற்றினார் என்றுதான் கேட்பார்கள். சேர்ந்தவரின் பெயர் உச்சரிக்கக் கடினமாக இருந்தால் அந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரும். ஹிபர்ட்-வேர் செய்தது லாக் ஃபைலைத் திறந்ததுதான். ஆனால் அதற்கு அவர் ஆயிரக்கணக்கான எச்சில் உருண்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து இடுக்கியால் பிரிக்க வேண்டியிருந்தது.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரியும். எங்கள் தோட்டத்துக்குப் பின்னால், குதிரை மேயும் வயலின் ஓரத்தில் ஒரு கிழட்டு வில்லோ நிற்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் மே மாதத்தில், வெளிச்சம் இன்னும் போகாத எட்டரை மணிக்கு, வேலிக்கம்பின்மேல் ஒன்று உட்கார்ந்து எங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. “அட, நம்ம ஊர் ஆந்தைங்க!” என்றாள் மனைவி. முழுக்கத் தவறில்லை. நம் ஊர்ப் புளியமரப் பொந்துகளில் ஜோடியாக உட்கார்ந்திருக்கும் புள்ளி ஆந்தையும் இதுவும் ஒரே பேரினம். இது அதீனே நாக்டுவா, அது அதீனே பிராமா. மரத்தடியில் மூன்று உருண்டைகள் கிடைத்தன. இங்கே ஆரம்பப் பள்ளியில் ஆந்தை உருண்டையைப் பிரிப்பது பாடமாகவே இருப்பதால், மகள் அருவருப்பில்லாமல் காரியத்தில் இறங்கினாள். கறுத்து மினுங்கும் வண்டு ஓடுகள், ஒரே ஒரு வயல் எலியின் கீழ்த்தாடை, நிறைய மண். “அப்பா, இது கோழி திங்கலையே” என்றாள், நான் முன்பு சொல்லியிருந்த கதையை நினைவில் வைத்து.

ஆனால் சிற்றாந்தை உத்தமப் பறவை என்று ஹிபர்ட்-வேர் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. வேல்ஸ் கரைக்கு அப்பால் ஸ்கோகோம் என்ற சிறு தீவு இருக்கிறது. கடலோடிப் பறவையான புயல் பெட்ரல் அங்கே வளைகளில் முட்டையிடும், இரவில்தான் கரைக்கு வரும். அந்தத் தீவில் குடியேறிய சிற்றாந்தைகள் பெட்ரல்களை ஏராளமாகக் கொன்று குவித்தன. அங்கே வாழ்ந்த இயற்கையியலாளர் ரொனால்டு லாக்லி அதை 1930-களில் நேரில் பார்த்தார். எலியும் வண்டும் நிறைந்த வயல்வெளியில் செய்யாததை அது தீவில் செய்தது. எங்கே, எப்போது, எதைத் தின்றது என்று ஒவ்வோர் இடத்திலும் பார்த்தாக வேண்டும். பழிசொன்னவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

விசாரணைக்குப் பின் சிற்றாந்தைமீது இருந்த கோபம் மெல்லத் தணிந்தது. 1954-இல் வந்த பறவைகள் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கும் பொருந்தும். கொல்வதும் குஞ்சிருக்கும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். ஆனால் 1990-களின் நடுவிலிருந்து இங்கே அதன் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. இன்று சில ஆயிரம் ஜோடிகள் இருந்தால் அதிகம். பொந்துள்ள பழைய மரங்கள் போயின. மேய்ச்சல் நிலம் மாறியது. வண்டுகளும் குறைந்தன.

பிரிட்டனில் பறவைகளின் நிலையைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மதிப்பிட்டுச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பட்டியலிடுகிறார்கள். இவ்வளவு வேகமாகக் குறையும் பறவை சிவப்பில் இருக்கவேண்டும். சிற்றாந்தை எந்த நிறத்திலும் இல்லை. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட இனங்களை அந்தப் பட்டியலுக்கு மதிப்பிடுவதில்லை என்பது விதி. அந்த விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்கோகோமைப் பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆனால் லில்ஃபர்டில் கூடுகட்டிய ஜோடிகளின் சந்ததி நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாக இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறது. ஃபெசன்டும் அதே விதியால் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது. ஆனால் வேட்டைக்காக ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் வளர்த்து வெளியே விடுவதால் அதற்கு அந்தக் கவலை இல்லை.

வடகடலைத் தாண்டி நெதர்லாந்துக்குப் போனால் அதே சிற்றாந்தை மண்ணின் பறவை. அங்கேயும் அது குறைந்தது. அங்கே அது சிவப்புப் பட்டியலில் இருக்கிறது.