நொச்சி ஆவியும் மகரந்தமும்

தை மாசம் அறுப்பு மிஷின் வயலில் இறங்கினால் எங்கள் வீட்டில் தும்மல் ஆரம்பம். அப்பாயி நொச்சித்தழையைக் கொதிக்க வைத்து, போர்வையால் மூடி ஆவி பிடிக்கச் சொல்லும். இப்போ அதையே ‘மகரந்த அலர்ஜிக்கு முன்னோர் கண்ட மருந்து’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை நம்பி இன்ஹேலரை விட்ட சொந்தக்காரர் ஒருவர், ராத்திரி மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதனால்தான் இந்தத் தேடல்.

தஞ்சாவூரில் பழைய வைத்தியம் என்றாலே இரண்டாம் சரபோஜியிடம் (ஆட்சி 1798–1832) போய் நிற்க வேண்டும். அவருடைய தன்வந்திரி மஹாலில் கையாண்ட முறைகளைத்தான் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்று சரஸ்வதி மஹால் நூலகம் பிற்பாடு அச்சிட்டது. ஓயாத தும்மல், மூக்கில் நீர் வடிதல் இதற்கெல்லாம் சித்த வைத்தியத்தில் பீனிசம் என்று பெயர். மகரந்தம்? அதை அந்தக் காலத்தில் உலகத்திலேயே யாரும் நிரூபித்திருக்கவில்லை. சரபோஜி ஆண்டுகொண்டிருந்த 1819-இல் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர், வருஷா வருஷம் கோடையில் தனக்கு வரும் தும்மலையும் கண் எரிச்சலையும் லண்டனில் விவரித்தார். வெயில்தான் காரணம் என்பது அவர் எண்ணம். புல்லின் மகரந்தம்தான் என்று மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி தன் உடம்பிலேயே சோதித்து நூலாக வெளியிட்டது 1873-இல்.

நம்ம அறுப்புத் தும்மலுக்கும் நெல் மகரந்தம் காரணமாக இருக்க முடியாது. நெல் பூப்பது காலையில் கொஞ்ச நேரம்; பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும். அறுக்கும்போது பூ உதிர்ந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். மூக்கில் ஏறுவது சுணையும் வைக்கோல் தூசியும் பூஞ்சையும். மகரந்தத்தால் படுத்தும் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் வெளிநாட்டிலிருந்து பிற்பாடு வந்தவை. சரபோஜியின் வைத்தியர்கள் அவற்றைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மருந்து பொய் என்று சொல்லவில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசைனை மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சினை உருவாக்கினார்கள். ஆவி பிடித்தால் மூக்கடைப்பு கொஞ்ச நேரம் விடும். ஆனால் அலர்ஜி நிற்காது; இரைப்புக்கு அது இன்ஹேலரும் ஆகாது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் கொதிக்கிற சட்டியே ஆபத்து.

பாஸ்டாக் என்னென்னவோ மருந்து தின்று பார்த்துவிட்டு, கடைசியில் ராம்ஸ்கேட் கடற்கரைக்குப் போய்த் தங்கினார். அதில்தான் கொஞ்சம் நிம்மதி. அப்பாயியும் களத்தில் தூற்றும்போது முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்ளும். தூசி பறக்கிற பக்கம் எங்களை நிற்கவே விடாது.