ஓவர்குளொக் செய்த கணனியை உறங்கவிடும் முன்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதுதான் இதைப் படித்துக்கொண்டேன். இடம்பெயர்வதற்கு முந்திய எங்கள் ஊரில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சேமிக்காமல் கணனியை உறக்கநிலையில் விட்டு எழும்பிப் போனேன். மின்சாரம் போனது, அன்றைய பெயர்கள் எல்லாமும் போயின. மறுபடி கேட்டபோது அம்மாவுக்குச் சில பெயர்கள் வரவில்லை.

ஸ்லீப் எனும் உறக்கநிலையில் புரொசெசரும் டிஸ்க்கும் அணைந்துவிடும். றாமுக்கு மட்டும் சிறிது மின்சாரம் போகும். அது அறுந்தால் சேமிக்காதது அழியும். ஹைபர்னேட் அப்படியல்ல. றாமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டே கணனி முழுதாக அணையும். இரண்டையும் சேர்த்துச் செய்வது ஹைப்ரிட் ஸ்லீப். நான் இரண்டாம் கையாக வாங்கிய கணனியில் அதை யாரோ நிறுத்தி வைத்திருந்தார்கள்.

ஓவர்குளொக் செய்திருந்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. உறக்கத்திலிருந்து எழும்பும்போது மதர்போர்ட் கூட்டிய வேகத்தையும் வோல்ட்டேஜையும் மறுபடி ஏற்றவேண்டும். சில போர்ட்கள் இரண்டையும் விட்டுவிட்டுச் சாதாரண வேகத்துக்கு இறங்கும், அதனால் நட்டமில்லை. வேகம் ஏறி வோல்ட்டேஜ் ஏறாவிட்டால்தான் கணனி உறையும், கோப்பும் கெடலாம்.

என்னுடையது 2011 இல் வந்த இன்டெல் ஐ5-2500கே. அந்தத் தலைமுறை போர்ட்களில் கூடிய வேகத்துக்காக 'இன்டர்னல் பிஎல்எல் ஓவர்வோல்ட்டேஜ்' என்பதைப் போட்டால், பலருக்கும் கணனி உறக்கத்திலிருந்து எழும்பாமலே கிடந்தது. அதை நிறுத்தி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். பிறகு எழும்பியது. பயோஸைப் புதுப்பித்தும் சிலர் சரிசெய்தார்கள். ஆனால் மின்வெட்டு நேரத்தில் அந்த வேலையைத் தொடவேண்டாம், பாதியில் நின்றால் போர்டே போய்விடும்.

வோல்ட்டேஜை 'ஓஃப்செட்' முறையில் குறைத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வேலைப்பளுவில் நன்றாக ஓடும் கணனி சும்மா இருக்கையில் உறைந்தால், ஓய்வு வோல்ட்டேஜ் அளவுமீறி இறங்குகிறது என்று சந்தேகியுங்கள்.

முக்கியமான கோப்பு எதையும் திறக்காமல் பத்துத் தடவையாவது உறங்கவிட்டு எழுப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் சிபியு-இசட்டில் வேகத்தையும் வோல்ட்டேஜையும் பார்த்து, பிரைம்95 ஐச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஒரு தடவை தவறினாலும் ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட்டே போதும். எழும்ப அரை நிமிடம் கூடச் செல்லும், அவ்வளவுதான்.