ரயில்தட மிதிவண்டிப் பாதை

ரயில் ஓட்டம் நின்று, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் அகற்றப்பட்ட பிறகு எஞ்சும் தடத்தை, மோட்டார் வண்டிகளை விலக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் என ஒதுக்கி அமைக்கப்படும் பாதை. காடுகள், வயல்வெளிகள், ஊர்ப்புறங்கள் வழியாகப் பல கிலோமீட்டர் தொடர்ச்சியாகச் செல்வது இதன் இயல்பு. 1960களில் அமெரிக்காவில் உருவெடுத்து, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பரவியது. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில் 24 கி.மீ. நீளத்தில் இது நிறைவான வடிவம் பெற்றிருக்கிறது. கைவிடப்பட்ட ரயில் தடங்கள் பல இருந்தும், தமிழ்நாட்டில் இப்படியொரு நெடும்பாதை இதுவரை உருவாகவில்லை.

ரயில் எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் சமவெளியில் நூறு அடி போனால் ஓரடி உயர்வதே அதிகம் என்ற கணக்கில்தான் தடம் இடுவார்கள். மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தில் கரை போடுவார்கள், ஓடைக்குப் பாலம் கட்டுவார்கள். வளைவுகளும் பெரிதாக, மெதுவாகத் திரும்பும். எஞ்சினுக்காகச் செய்த இந்த வேலையெல்லாம், கியர் இல்லாத சாதாரண சைக்கிளை மிதிக்கும் பள்ளி மாணவிக்கும் அப்படியே உதவுகிறது. சாலைக் குறுக்கீடுகளும் கேட் உள்ள சில இடங்களோடு முடிந்துவிடும்.

தொடக்கம்

1963 செப்டம்பரில் சிகாகோ டிரிப்யூன் நாளிதழில் மே தியில்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கையியலாளர் எழுதிய கடிதம், கைவிடப்பட்ட மின்ரயில் தடமொன்றை நடைபாதையாகக் காக்கக் கோரியது. இல்லினாய் பிரெய்ரி பாதை அதன் விளைவு. பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் எல்ராய்–ஸ்பார்ட்டா ரயில் தடத்தை மாநில அரசு 1965இல் விலைக்கு வாங்கி, 1967இல் சைக்கிள் பாதையாகத் திறந்தது. அதில் மூன்று சுரங்கங்கள் உண்டு. மிக நீளமானது ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். உள்ளே வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். பாதையின் மேற்பரப்பு பொடித்த சுண்ணாம்புக்கல். அரியலூர் வட்டாரத்தில் தோண்டி எடுத்துச் சிமெண்ட் ஆலைக்கு ஏற்றும் அதே கல் வகையை அங்கே சக்கரத்தின் கீழ் பரப்பியிருக்கிறார்கள் என்பது அவ்வூர்க்காரர்களுக்குச் சுவையான செய்தி.

மூடிய தடத்தின் நிலம் முன்னாள் உரிமையாளர்களுக்கும் அண்டை நிலத்தாருக்கும் துண்டு துண்டாகப் போய்விட்டால் பாதை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தடுக்க அமெரிக்கா 1983இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஓட்டம் நின்ற தடத்தைப் பிற்கால ரயில் தேவைக்கென இருப்பில் வைக்கலாம், அதுவரை பாதையாகப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இந்த ஏற்பாட்டை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1990இல் உறுதிசெய்தது. பிரிட்டனில் ரயில் பாதைகளைக் குறைக்கச் சொன்ன பீச்சிங் அறிக்கைக்குப் (1963) பின் ஆயிரக்கணக்கான மைல் ரயில் பாதைகள் மூடப்பட்டன. பிரிஸ்டல் நகரத் தன்னார்வலர்கள் 1977இல் குழுவாகத் திரண்டு, பிரிஸ்டல்–பாத் தடத்தை 1979 முதல் 1986 வரை பகுதி பகுதியாகத் தாங்களே சீரமைத்தார்கள். ஸ்பெயின் 1993இல் ‘பசுமைப் பாதைகள்’ என்ற பெயரில் நாடு தழுவிய திட்டம் தொடங்கியது.

சிங்கப்பூர் ரயில் வழித்தடம்

தமிழர்களுக்கு மிக நெருக்கமான வரலாறு இதுதான். 1903இல் டேங்க் ரோட்டிலிருந்து தீவின் வடமுனையான உட்லண்ட்ஸ் வரை ரயில் ஓடத் தொடங்கியது. நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் இருக்கும் அதே டேங்க் ரோடு. உட்லண்ட்ஸிலிருந்து ஜொகூருக்குப் படகில் கடக்க வேண்டும். 1923இல் கடல்மேல் தரைப்பாலம் வந்ததும் ரயில் நேராக மலாயாவுக்குள் போயிற்று. 1932இல் தென்பகுதித் தடத்தை மேற்கே நகர்த்தி, தஞ்சோங் பகாரில் புதிய முனையம் கட்டினார்கள். தென்பகுதியில் இன்று சைக்கிள் செல்வது இந்த 1932ஆம் ஆண்டுத் தடத்தின் மேல்.

மலாயா ரயில்வேயின் கூலிவேலையில் தமிழர் பெருமளவில் இருந்தனர். குவீன்ஸ்டவுன் பகுதியில் தடத்தோரம் ரயில்வேத் தொழிலாளர்கள் 1932 அளவில் வைத்து வணங்கிய சிறு சந்நிதியே, பின்பு காமன்வெல்த் டிரைவுக்கு இடம்பெயர்ந்து பெரிய ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக வளர்ந்தது. தடத்தின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் நிலையக் கட்டடங்களுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இத்தொழிலாளர்களுக்குக் கொடுக்கலாம்.

பாதை உருவானதற்கு மூலகாரணம் ஒரு பழைய நில ஆவணம். 1918ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ரயில்வே நிலத்தை மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு 999 ஆண்டுக் குத்தகையாக மாற்றித் தந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது, தீவின் குறுக்கே அயல்நாட்டு ரயில்வே நிறுவனத்தின் கையில் ஒரு மெல்லிய நிலப்பட்டை நின்றது. கட்டடமும் சாலையும் அதைத் தின்ன முடியவில்லை. இருபுறமும் மரம் அடர்ந்தது. 1990இல் சிங்கப்பூரும் மலேசியாவும் இந்நிலம் பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதற்குப் பொருள் கொள்வதில் இருபது ஆண்டுகள் சண்டையிட்டன. 2010 மேயில் சிக்கல் தீர்ந்தது. ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரீனா பே, பூகிஸ் பகுதிகளில் நிலம் கொடுக்கப்பட்டது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் ஓட்டிச் சென்றார்.

இதற்கு முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் தடம் முழுவதையும் அறுபடாத பசுமை வழியாகக் காக்கும்படி முன்மொழிவு எழுதியிருந்தது. நிலத்துக்குப் பொன்விலை போகும் ஊரில் இது நடக்காது என்று பலர் எண்ணியிருப்பார்கள். தண்டவாளம் பெயர்க்கப்படுவதற்கு முன் 2011 ஜூலையில் சில நாட்கள் தடத்தைத் திறந்துவிட்டபோது மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து நடந்தார்கள். அரசு தொடர்ச்சியைக் காக்க இசைந்தது. 2015இல் வடிவமைப்புப் போட்டியில் ஜப்பானின் நிக்கென் செக்கேயும் சிங்கப்பூரின் டியரா டிசைனும் சேர்ந்த குழு வென்றது. தடத்தின் ஒரு பகுதியில் குடிநீர்க் குழாய் பதித்து, அதன்மேல் பாதையை மீட்டமைத்தார்கள். 2021, 2022இல் பெரும்பகுதி திறக்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையமும் இரண்டு இரும்புப் பாலங்களும் பழைய தோற்றத்திலேயே நிற்கின்றன.

புக்கிட் தீமா இயற்கைக் காப்பகத்தை ஒட்டிச் செல்லும் பகுதியே இப்பாதையின் உயிர். எறும்புத்தின்னி உலவும் காடு அது. வேகமாக ஓட்ட விரும்புகிறவர்களுக்கு இப்பாதை சரிவராது: நடப்பவர்களும் குழந்தைகளும் நிறைந்திருப்பார்கள், மழைக்குப் பின் சில இடங்கள் சேறாகும்.

மலைத் தடங்களும் இலங்கையும்

மூணாறின் குண்டலை பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908இல் இரண்டடி அகலப் பாதையாக மாறியது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலிலும், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி இன்றைய தேனி மாவட்டத்தின் கொட்டகுடிக்கும், பிறகு போடிநாயக்கனூருக்கும் போயிற்று. 1924 பெருவெள்ளம் ரயிலை அழித்தது. தடத்தின் சில பகுதிகள் மோட்டார் சாலைக்குள் போய்விட்டன. சுற்றுலா ஜீப்புகள் ஏறும் சாலையில் ரயிலின் நினைவு பெயரளவில்தான். பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கிய கொச்சி வன டிராம்வே (1907–1963) அதற்கு நேர்மாறு. அத்தடத்தின் மேல்பகுதி இன்று புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை விதித்த முறைப்படியே அங்கே கால்வைக்க முடியும். காடு வழியே சைக்கிள் என்று ஆசைப்படுகிறவர்கள் நம் நாட்டில் முதலில் சந்திப்பது இந்த விதிகளைத்தான். அவை இருக்க வேண்டியவையே.

இலங்கை மலையகத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்குச் சென்ற குறுகிய பாதை 1903–04இல் திறந்து 1948இல் மூடப்பட்டது. தேயிலைத் தோட்டத் தமிழர்களின் ஊர்களை இணைத்த தடம் அது. யாழ்ப்பாணத் தடத்தின் கதை வேறு. 1990இல் போரால் யாழ்தேவி ரயில் நின்றது, தண்டவாளமும் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பியது. அங்கே எவரும் சைக்கிள் பாதை கேட்கவில்லை, ரயிலையே கேட்டார்கள்.

தமிழ்நாடு

மயிலாடுதுறை–தரங்கம்பாடி மீட்டர்கேஜ் பாதை 1926இல் திறந்து 1986இல் நிறுத்தப்பட்டது. தனுஷ்கோடிப் பாதையை 1964 டிசம்பர்ப் புயல் அடித்துச் சென்றது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி, மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் குறும்பாதைகள் அதற்கும் முன்பே போயின. மதுரை–போடி தடமோ இரண்டாம் உலகப் போரில் பெயர்க்கப்பட்டு, 1950களில் திரும்பி, 2010 முடிவில் அகலப்பாதைப் பணிக்காக நின்று, 2023இல் போடி வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. நின்றுபோன பேரளம்–காரைக்கால் தடத்திலும் அகலப்பாதை இடப்பட்டிருக்கிறது.

இந்த வரலாற்றில்தான் விடை இருக்கிறது. நிலத்தை ரயில்வே கைவிடுவதில்லை. இழந்த ரயிலை மக்களும் மறப்பதில்லை. தரங்கம்பாடிக்காரர்களுக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் தடத்தில் பூங்கா கட்டித் தருகிறோம் என்றால் சண்டைக்கு வருவார்கள். இருப்பில் வைத்துக்கொண்டு இடைக்காலத்தில் பாதையாக விடும் அமெரிக்க ஏற்பாடு இங்கே முயலப்படாதது குறையே. ஆள் நடமாட்டம் இல்லாத தடத்தைக் கருவேலமுள்ளும் ஆக்கிரமிப்பும் பங்குபோட்டுக்கொள்கின்றன.

அரியலூர், பெரம்பலூர்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் கைவிடப்பட்ட பயணிகள் ரயில் தடம் கிடையாது. விழுப்புரம்–திருச்சி நேர்வழிப் பாதை 1920களின் இறுதியில் அரியலூர் வழியாகத் திறந்தது. 1956 நவம்பர் 23 விடியலில் மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்ததும், லால்பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்ததும் இந்தத் தடத்தில்தான். மீட்டர்கேஜ் அகலப்பாதையாகி, மின்மயமாகி, இரட்டைத் தடமாகி, இன்று தென்தமிழகத்துக்கான முதன்மை வழியாக இருக்கிறது. பெரம்பலூரோ ரயில் காணாத மாவட்டத் தலைநகர். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல் வரை புதிய பாதை வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது.

சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 2001–02இல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் விரிவாகி, அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பினர் கைக்கு ஆண்டுதோறும் வண்டி சேர்க்கிறது. அந்த வண்டிகள் சுண்ணாம்புக்கல் லாரிகளோடு சாலையைப் பகிர வேண்டியிருப்பதுதான் அரியலூரின் அவலம். லாரி இல்லாத பாதை இங்கே ஓய்வுநேர உல்லாசத்தைவிடப் பள்ளிக்கூடத் தேவை.

அதற்கு ரயில் தடம்தான் வேண்டும் என்பதில்லை. காவிரித் தண்ணீரைக் கரைவெட்டி ஏரிக்குக் கொண்டுவரும் புள்ளம்பாடி வாய்க்காலின் கரை இருக்கிறது. தண்ணீர் ஓடும் சரிவு ரயில் சரிவைவிடவும் மென்மையானது. கரை முழுவதும் அரசின் ஒரே துறையின் பொறுப்பில் இருக்கிறது. வழியில் ஊர்கள் உண்டு. கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் வலசை வரும் மாதங்களில் ஏரிக்கரைக்கு முன்பே சைக்கிளை நிறுத்திவிட வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் பச்சைமலை அடிவாரக் காட்டுப் பாதைகளில் வனத்துறை இசைவின்றிப் போகக்கூடாது. சாத்தனூர்க் கல்மரத்துக்குச் செல்லும் கிராமச் சாலைகளில் வண்டி ஓட்டம் குறைவு.

புதிய ரயில் பாதைக்கு நிலம் எடுக்கும் நாள் வந்தால், தடத்தை ஒட்டி இரண்டு மீட்டர் அகலத்தை சைக்கிளுக்கென அப்போதே சேர்த்து எடுப்பது எளிது. பிறகு கேட்டால் கிடைக்காது. இரு மாவட்டத்தாரும் ரயில் கேட்டு மனு எழுதும்போது இந்த ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.