கடன், கள்ளு, ஐசி: தோட்ட மக்களைக் கட்டிய மூன்று கயிறுகள்

தோட்டப்புற இலக்கியம் பற்றிய கேள்வி வந்தால், மாணவர் பலர் "தோட்ட மக்கள் பல துன்பங்களை அனுபவித்தனர்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். துன்பம்னு சொன்னா மட்டும் போதாது. அவ்வளவு துன்பத்திலும் அவர்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? எது கட்டிப்போட்டது? அதைச் சொன்னால்தான் விடை நிறையும்.

முதல் கயிறு, கடன். கங்காணி தன் ஊருக்குப் போய் உறவுக்காரர்களையே ஆள் சேர்த்து வந்தார். வேலைக்கு வரும் ஒவ்வொரு ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அதனால் ஆள் நகராமல் பார்த்துக்கொள்வது அவருக்கு லாபம். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. ஆனால் கங்காணி வழி ஆள் சேர்ப்பது, இந்திய அரசு 1938இல் தடை போடும்வரை நீடித்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இதே கதை நடந்ததைப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' காட்டுகிறது.

இரண்டாவது, கள்ளு. பால் வெட்டிய காசு தோட்டத்துக் கள்ளுக்கடைக்கே திரும்பிப் போனது. இதை எதிர்த்த வரலாறு நம் மெர்போக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. 1947 பிப்ரவரி 28இல் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். தோட்ட மக்கள் வாயில்லாப் பூச்சிகள் என்று எழுதும் மாணவர்களுக்கு இந்தத் தேதியைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது, ஐசி. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இங்கேயே தங்கிய சிவப்பு ஐசிக்காரர்கள் குத்தகைக்காரர்களின் கையில் சிக்கினார்கள். சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' நாவல், பகாங்கில் அப்படி அடிமைப்பட்டுப்போன தோட்ட மக்களைப் பற்றியது. அமெரிக்க வயல்களில் உழைத்த மெக்சிகோ தொழிலாளர்களின் கதைகளிலும் இதே பயம்தான்: கையில் தாள் இல்லாதவன் கூலி குறைந்தாலும் புகார் கொடுக்க முடியாது.

கயிறு மாறினாலும் முடிச்சு ஒன்றே. வேலை, வீடு, கடை எல்லாம் ஒரே முதலாளியின் நிலத்தில் இருந்தன. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். அந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சியும் நடந்தது. 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களின் மாதச் சந்தாப் பணத்தில் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான்.

ஆகவே, விடை எழுதும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள்: பாத்திரத்தைக் கட்டிப்போட்டது எது? அதனால் லாபம் அடைந்தது யார்? பாத்திரம் எதிர்த்ததா, எப்படி? நாவலிலிருந்து ஒரு நிகழ்ச்சி, வரலாற்றிலிருந்து ஓர் ஆண்டு, இரண்டையும் சேர்த்து எழுதினால் விடைக்கு எடை கூடும். நம் தாத்தா பாட்டியின் வாழ்க்கையும் 'பல துன்பங்கள்' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகாது.