நம்ம ஊர் வன்தட்டுகளின் கதை

தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால் சிம் லிம் ஸ்குவேர். அங்கே விற்கும் ஹார்ட் டிஸ்க் என்கிற வன்தட்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டிலோ 50 பெரிய தட்டுகள். கொண்டது 5 மில்லியன் எழுத்துகள்தான்!

மாணவர்களே, இந்த வரலாற்றில் நமக்கும் பங்குண்டு. 1982இல் சீகேட் நிறுவனம் சிங்கப்பூருக்கு வந்தது. 1980களின் இறுதியில் உலகிலேயே அதிக வன்தட்டுகள் தயாரான இடம் நம்ம ஊர்தான். பிறகு செலவு கூடியது. 2010 வாக்கில் ஆங் மோ கியோ ஆலையில் தயாரிப்பு நின்றது. தொழில்மயம் பற்றிய கட்டுரைக்கு நல்ல சான்று இது.

ஆசிரியர்களே, நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒருநாள் நின்றே தீரும். என் பத்தாண்டுப் பயிற்சித்தாள்கள் அப்படித்தான் போச்சு. இன்றே இன்னொரு பிரதி எடுத்து வைங்க.