பிப்பங்காய், கொத்தோமிலி, ரசோன்

"மொரிஷியஸ்ல சாப்பாட்டுக்கு என்னய்யா பண்றே?" ஊர்ல இருந்து போன் பண்ற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கடற்கரை விடுதிகளில் 'இந்தியன்' என்று போர்டு போட்டுத் தருவது ஊர் பேர் இல்லாத ஒரு சிவப்புக் குழம்பு. அதை விடுங்க. இந்தத் தீவில் நல்ல சாப்பாடு வேணும்னா போர்ட் லூயி மார்க்கெட்டுக்குப் போய், காய்கறிக்காரர் சொல்ற பேரைக் காது கொடுத்துக் கேட்கணும்.

பீர்க்கங்காய்க்கு அங்கே பேரு பிப்பங்காய். கொத்தமல்லி, கொத்தோமிலி. முருங்கைக்கீரை, ப்ரெட் மூரூம் (ப்ரெட் என்றால் கீரை). கறிவேப்பிலை, கரிப்புலே. இதுல ஒரு கூத்து என்னன்னா, கிரியோல் மொழியில் கோழிக்கு 'புல்'. கோழிக்குழம்பு 'கரி புல்'. சொல்லும்போது கடைசி 'லே'வை முழுங்கிட்டீங்கன்னா இலைக்குப் பதில் கோழி வந்துரும் :-)

இந்தப் பேரெல்லாம் எப்படி வந்துச்சு? பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே, 1735ல் கவர்னராக வந்த லா பூர்தொன்னே துறைமுகம் கட்ட பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கொத்தனார், தச்சர்களைக் கொண்டு வந்தார். அப்புறம் ஆங்கிலேயர் காலம். அடிமை முறை ஒழியும் தறுவாயில் கரும்புக்காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1834 நவம்பர் 2ந் தேதி 'அட்லஸ்' என்ற கப்பலில் 36 பேர் கல்கத்தாவிலிருந்து வந்து இறங்கினார்கள். அதுல ஆரம்பிச்சு, அடுத்த எண்பது வருஷத்துக்குள் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலிகள். அவர்கள் வந்து இறங்கிய அப்ரவாசி காட் 2006ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் கல்கத்தா வழியா வந்த போஜ்புரிக்காரர்கள். மெட்ராஸ் துறைமுகம் வழியா நம்மாட்களும் ஆயிரக்கணக்கில் வந்தாங்க.

தோட்டத்தில் படியாகக் கிடைச்சது அரிசி, பருப்பு, உப்பு. நல்ல நிலமெல்லாம் கரும்பு. குடிசை ஓரத்தில் போட்ட பீர்க்கங்கொடிக்கும் முருங்கைக்கும் துரைமார் பேர் வைக்கத் தேவையில்லாமப் போச்சு. நட்டவன் சொன்ன பேரே நின்னுடுச்சு. 1880களுக்கு அப்புறம் தோட்ட முதலாளிகள் ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றபோது நிறைய இந்தியர்கள் வாங்கினார்கள். காய்கறியும் அதன் பேரும் குடிசை ஓரத்திலிருந்து சந்தைக்கு வந்த கதை அதுதான்னு நினைக்கிறேன்.

சீனர்கள் கதையும் இதோட பின்னிக் கிடக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் மெய்ஷியன் பக்கத்து ஹக்கா மக்கள் வந்து மூலைக்கு மூலை மளிகைக்கடை போட்டார்கள். கரும்புவெட்டு கூலி வரும் வரைக்கும் நோட்டில் கணக்கு எழுதி அரிசியைக் கடனாகக் கொடுத்தது அந்தக் கடைகள்தான். இன்னிக்கும் போர்ட் லூயி சைனா டவுனில் 'நியுக் யென்' சாப்பிட்டுப் பாருங்க. ஹக்காவில் அதுக்கு அர்த்தம் கறி உருண்டை. அங்கே அதை நம்ம சௌசௌவைத் துருவிப் போட்டுத்தான் செய்றாங்க. தீவுல கிடைச்சது அதுதானே!

தெருவோரக் கண்ணாடிப் பெட்டியில் விக்கிற தால் பூரி போஜ்புரிக்காரர் கொடை. கடலைப்பருப்பை உள்ளே வச்ச மெல்லிசு ரொட்டி, எப்பவும் ஜோடியாத்தான் தருவாங்க. பக்கத்திலேயே 'காத்தோ பிமா' பொரியும். பிரெஞ்சுல பேரு 'மிளகாய் கேக்'. கடிச்சுப் பார்த்தா சாட்சாத் நம்ம பருப்பு வடை! காலையில் அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள்ள வச்சு சாப்பிடறான் மனுஷன்.

எனக்கு மனசு கனக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. இங்கே தமிழர் வீட்டுப் பேச்சில் தமிழ் அனேகமாகப் போய்விட்டது. கோயிலிலும் பள்ளிப் பாடத்திலும் இருக்கு. வீட்டில் கிரியோல்தான். ஆனா தைப்பூசக் காவடி முடிஞ்சதும் வாழையிலை போட்டு 'செத் கரி' பரிமாறுவாங்க. செத் என்றால் ஏழு. வாழைக்காய், பூசணி, பலான்னு ஏழு கறி, கூட 'ரசோன்'. அதாங்க, நம்ம ரசம். தமிழே தெரியாத பாட்டி ரசோனும் கொத்தோமிலியும் சொல்லும்போது, தான் பேசறது தமிழ்னு அவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, பேரப்பிள்ளை காதில் அது விழுது.

அந்தப் பிள்ளைங்க சூப்பர் மார்க்கெட்டில் உறையில் அடைச்ச காய்களை வாங்க ஆரம்பிச்சா இந்தப் பேர்களும் போயிடும். மொரிஷியஸ் வர்ற மக்களே, ஓட்டல் பஃபேயை ஒரு வேளை விட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போங்க. ஒரு கட்டு கொத்தோமிலி கேளுங்க. கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். தால் பூரி வேணும்னா மட்டும் மத்தியானத்துக்கு முன்னாடியே போயிடுங்க, தீர்ந்துடும்!