பாடம் பண்ணும் வேலையை எங்கே போய்ப் படிப்பது?

விழுப்புரத்தில் மழை விட்டுவிட்டது. முழங்கால் வலி மட்டும் விடவில்லை.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்து படியுங்கள்.

திண்டிவனத்தில் இருக்கும் என் அண்ணன் பேத்தி பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு படிக்கிறாள். போன மாதம் போனில் கூப்பிட்டு, "அத்தைப்பாட்டி, டாக்ஸிடெர்மி படிக்கணும்னா எந்தக் காலேஜ்ல சேரணும்?" என்று கேட்டாள். செத்த விலங்கின் தோலை எடுத்துப் பதப்படுத்தி, உயிரோடு இருந்த மாதிரியே நிற்க வைக்கும் வேலை. நம் ஊரில் இதைப் பாடம் பண்ணுவது என்போம். புகையிலையைப் பாடம் பண்ணுவார்கள், மான் தோலைப் பாடம் பண்ணுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தியவளிடம் அவள் கேட்டது பொருத்தம்தான். ஆனால் எனக்குப் பதில் தெரியவில்லை.

அதற்குள் அண்ணன் போனை வாங்கி, "படிச்ச குடும்பத்துப் பொண்ணு செத்ததைத் தோலுரிக்கப் போறேங்குது. நீயாவது புத்தி சொல்லு" என்றார். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் சின்ன வயதில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலை மியூசியம் பார்த்திருப்பீர்கள். எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ். இது வெறும் கேலி இல்லை. 1851ல் மியூசியம் தொடங்கியபோது அது இருந்தது கல்லூரிச் சாலையில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில். ஜனங்கள் வாயில் காலேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பாந்தியனுக்கு இடம் மாறிய பிறகும் பெயர் மாறவில்லை. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். கூட்டம் வரட்டும் என்று மியூசியத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்தார். அதுதான் பிறகு பீப்பிள்ஸ் பார்க் போய், 1985ல் வண்டலூர் போனது. ஆக உயிர் காலேஜும் செத்த காலேஜும் ஒரே வீட்டில் பிறந்தவை.

காலேஜ் என்று பெயர், ஆனால் அங்கே சேர்ந்து படிக்கிற வகுப்பு கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பறவைகளை யாரோ செய்தார்கள். செய்தவர் பெயர் எங்கேயும் தொங்கவில்லை. மியூசியங்களில் மூத்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் இளையவர் கற்றார். தேடத் தேட எனக்குப் புரிந்தது இதுதான்: இந்தக் கலைக்கு உலகத்தில் எங்கேயும் பள்ளிக்கூடம் முதலில் வரவில்லை. ஆள்தான் முதலில் இருந்தார்.

அண்ணனுக்காக ஒரு கதை. 1826. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். அப்பா சொன்னதற்காக டாக்டருக்குப் படிக்கப் போன ஒரு பையனுக்கு அந்தப் படிப்பு பிடிக்கவில்லை. அறுவைச் சிகிச்சை நடக்கும் இடத்திலிருந்து ஓடி வந்தவன். அவன் தங்கியிருந்த லோதியன் தெருவிலேயே ஜான் எட்மன்ஸ்டன் என்று ஒருவர் இருந்தார். தென் அமெரிக்காவில் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர். சார்லஸ் வாட்டர்டன் என்ற இயற்கை ஆர்வலரிடம் பறவைகளைப் பாடம் பண்ணக் கற்றவர். எடின்பரோவில் அதுவே அவர் பிழைப்பு. பையன் அவரிடம் ஒரு கினி பணம் கொடுத்து, தினம் ஒரு மணி நேரம் என்று இரண்டு மாதம் கற்றுக்கொண்டான். பையன் பெயர் சார்லஸ் டார்வின். ஐந்து வருஷம் கழித்து பீகிள் கப்பலில் உலகம் சுற்றப் போனபோது, கலாபகஸ் தீவுகளிலிருந்து அவர் கொண்டுவந்த பறவைகள் கெடாமல் லண்டன் வந்து சேர அந்த இரண்டு மாதப் பழக்கம் உதவியது. பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பணம் டாக்டர் பட்டம் தரவில்லை. தெருவில் கட்டிய ஒரு கினி பயன்பட்டது. எட்மன்ஸ்டன் இனிமையானவர், அறிவாளி, அவரோடு உட்கார்ந்து பேசுவது வழக்கம் என்று வயதான காலத்தில் டார்வினே எழுதி வைத்தார்.

நம் நாட்டில் சாலிம் அலி. பம்பாயில் 1908 வாக்கில், பொம்மைத் துப்பாக்கி மாதிரி ஒன்றால் ஒரு குருவியைச் சுட்டார். தொண்டையில் மஞ்சள் இருந்தது. என்ன குருவி என்று வீட்டில் தெரியவில்லை. மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அது 1883ல் தொடங்கிய சங்கம். அங்கே செயலராக இருந்த மில்லார்ட் பையனை விரட்டவில்லை. அலமாரி இழுப்பறைகளைத் திறந்து வரிசை வரிசையாகப் பாடம் பண்ணிய பறவைகளைக் காட்டினார். அங்கேயே தோல் எடுக்கவும் பதப்படுத்தவும் பழகினார் அந்தப் பையன். பிற்பாடு நாடெங்கும் அலைந்து பறவைகளைக் கணக்கெடுத்தபோது, 1933ல் திருவிதாங்கூர், கொச்சிக்கு வந்தபோதும், அந்தக் கைப்பழக்கம்தான் கூட வந்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளை அவர். தோலுரித்ததால் அவர் குடும்பத்துக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பிழைப்பாகச் செய்தவர்களில் பெரிய பெயர் மைசூர் வான் இங்கன். 1900 வாக்கில் யூஜின் வான் இங்கன் தொடங்கினார். மகன்களுக்கு போத்தா, டி வெட், குரூகர், ஜூபெர்ட் என்று தென்னாப்பிரிக்கப் போயர் தலைவர்களின் பெயர்களை வைத்தார். ராஜாக்களும் வெள்ளைக்காரத் துரைகளும் சுட்ட புலி, சிறுத்தைகள் ஆயிரக்கணக்கில் மைசூருக்குப் போயின. தோலுக்குள் வைக்கோல் திணிக்கிற வேலை இல்லை அது. புலியின் உடம்புக்கு அச்சு வைத்து, காகிதக்கூழில் வடிவம் எடுத்து, அதன் மேல் பதப்படுத்திய தோலைப் போர்த்தித் தைத்து, கண்ணாடிக் கண் வைப்பார்கள். தசை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரியாதவன் அச்சு செய்ய முடியாது. அது பள்ளிக்கூடம் அல்ல, தொழிற்சாலை. வேலைக்குச் சேர்ந்தவர்கள் வேலை பார்த்தே கற்றார்கள்.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை நின்றது. நிற்க வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சுட்ட புலியைச் சுவரில் மாட்டி மீசை முறுக்கியவர்களுக்காக நான் அழமாட்டேன். ஆனால் வேலை குறைந்து வான் இங்கன் கூடம் 1999ல் மூடியபோது, நூறு வருஷக் கைத்திறன் வேறு கைக்குப் போகாமல் நின்றது. ஜூபெர்ட் 2013ல் நூறு வயது தாண்டி இறந்தார்.

நம் பக்கத்திலும் இதே சட்டத்துக்கு ஒரு கதை உண்டு. திண்டிவனம், செஞ்சி, செங்கல்பட்டுப் பக்கம் இருளர்கள் பாம்பு பிடித்துத் தோலை வியாபாரிகளுக்குக் கொடுத்துப் பிழைத்தார்கள். பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டதும் அவர்கள் பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் உதவியோடு 1978ல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் விஷம் மட்டும் எடுத்து, விஷமுறிவு மருந்து செய்யக் கொடுக்கிறார்கள். அதே கையின் திறமை வேறு வேலைக்குத் திரும்பியது. 2023ல் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கியதை டிவியில் பார்த்தபோது என் கண் கலங்கியது. காரணம் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் திண்டிவனம் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். கழுவெளிக்குப் போகிற பறவைகள் எங்கள் ஊர் ஏரியிலும் இறங்கும். ஆறாம் வகுப்பில் ஓர் இருளர் வீட்டுப் பையன். ஒருநாள் ஒரு கொக்கைக் கொண்டுவந்தான். செத்துக் கிடந்ததாம். தோலை எடுத்து, உப்பும் சாம்பலும் தேய்த்து, உள்ளே வைக்கோல் வைத்து, கம்பி கொடுத்து ஒற்றைக் காலில் நிற்க வைத்திருந்தான். கழுத்து வளைவு அப்படியே இருந்தது. அறிவியல் டீச்சருக்குக் காட்டலாம் என்று கொண்டுவந்திருக்கிறான். நான் என்ன செய்தேன்? மூக்கைப் பொத்திக்கொண்டு, "குப்பையில போட்டுட்டு சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வா" என்று வகுப்புக்கு முன்னால் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அது ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். தோல் என்றதும் நம் வாயில் என்ன வருகிறது, யாரைப் பார்த்து வருகிறது என்பது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். இப்போது எங்கே போவது?

விசாரித்த வரையில், நம் நாட்டில் இதற்கென்று முறையாக நடக்கும் இடம் மும்பை போரிவலியில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் 2009ல் தொடங்கிய மையம். அதை உருவாக்கியவர் டாக்டர் சந்தோஷ் கெய்க்வாட். மும்பை கால்நடை மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியர். அவருக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. மும்பை அருங்காட்சியகத்தில் பாடம் பண்ணிய விலங்குகளைப் பார்த்து ஆசைப்பட்டுத் தானே பழகியவர். இயற்கையாக இறந்த புலி, சிங்கம் எல்லாம் அவர் கையால் மறுபடி எழுந்து நிற்கின்றன. யாரையும் சுட வேண்டியதில்லை. பூங்காக்களில் வயதாகிச் சாகும் விலங்குகள் பாடப்பொருள் ஆகின்றன.

அதனால் என் கணக்கு இது. நேராக டாக்ஸிடெர்மி என்று பெயர்ப்பலகை தேடாதே கண்ணே. கால்நடை மருத்துவம் படி. வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கல்லூரி இருக்கிறது, நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ஒன்று இருக்கிறது. தசையும் எலும்பும் அங்கே தெரிந்துகொண்டால் கெய்க்வாட் வந்த வழியில் நீயும் போகலாம். மார்க் குறைந்தால் விலங்கியல் பட்டம், பிறகு மியூசியம். ஆனால் விலங்கியலில் ஒரு குறை. 2014ல் பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுத்துக் கற்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது. தவளைகளுக்கு நல்லது. கை பழக வேறு வழி பார்க்க வேண்டும்.

கோர்ஸ் முடித்தால் சான்றிதழ் என்று யாராவது காசு கேட்டால் அவசரப்படாதே. வனவிலங்கைப் பாடம் பண்ண சட்டப்படி உரிமம் வேண்டும். சான்றிதழ் உரிமம் ஆகாது. கரண்ட் கம்பியில் அடிபட்ட மயில் கிடந்தாலும் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். மீன்கொத்தி, கிளி எதுவும் கூடாது. கோழி, கடை மீன் போதும். இன்னொன்று, பழைய மியூசியப் பொருள்களைத் தடவிப் பார்க்காதே. பிரான்சில் பெக்கோர் என்பவர் 18ஆம் நூற்றாண்டில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் சோப்பு கண்டுபிடித்தார். உயிரோடு இருந்தவரை ரகசியத்தைச் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு வெளியே வந்து உலகம் முழுக்கப் பரவியது. அந்த விஷம் பழைய தோல்களில் இன்னும் இருக்கலாம்.

போன ஞாயிறு திண்டிவனம் போனேன். கடைக்காரரிடம் சொல்லி இறகு பிடுங்காத ஒரு கோழி வாங்கி வந்தோம். பின்கட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். தோலைக் கிழிக்காமல் கால்வரை வந்துவிட்டாள், கழுத்தில் கிழிந்தது. மறுபடி தைத்தாள். அண்ணி ஃபிரிட்ஜில் வைக்க விடவில்லை, அது தனிச் சண்டை. அண்ணன் திண்ணையில் பேப்பர் படிப்பது போல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து வந்து, "கழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு பார்" என்றார்.

வரும் இரண்டாம் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் போகிறேன். வேப்பேரியில் படித்த என் மாணவர் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், அண்ணனிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கொக்கு கொண்டுவந்த பையனோடு ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால், யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயரைக் கீழே எழுத வேண்டாம். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று மட்டும் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.